எம்பிபிஎஸ் மாணவர் ஆய்வு: 2 மாசத்துல 384 பேஷன்ட் சாத்தியமா?

செல்வா_மூன்றாமாண்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்றாம் வருஷம் எம்பிபிஎஸ் படிக்கிறேன். ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ்-க்கு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மாணவர்களுக்குக் கொடுக்கற குறுகிய கால ஆய்வு உதவித்தொகை) ப்ரொபோசல் போடலாம்னு இருக்கேன். கம்யூனிட்டி மெடிசின்ல ஒரு மேடம் கைடா இருக்க ஒத்துக்கிட்டாங்க. காலேஜ் ஆஸ்பத்திரி என்சிடி (பிரஷர், சுகர் மாதிரி தொற்றா நோய்) கிளினிக்குக்கு வர்ற பிரஷர் பேஷன்ட்டுங்க மாத்திரையை விடாம எடுத்துக்கறாங்களா, பிரஷர் கட்டுக்குள்ள இருக்கா, விடுறவங்க ஏன் விடுறாங்க, இதுதான் தலைப்பு. கிளினிக் வாரத்துக்கு 2 நாள். ஒரு நாளைக்கு சுமாரா 80 பேர் வர்றாங்க.

சந்தேகங்கள்:

சாம்பிள் சைஸ் 384 போடு, எந்த ஆய்வுக்கும் அதுதான்னு சீனியர்ஸ் சொல்றாங்க. அது சரியா? மாத்திரை எடுக்கறதை அளக்க மோரிஸ்கி 8 கேள்வி நெட்ல கிடைக்குது, தமிழ்ல மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா? எதிக்ஸ் கமிட்டிக்கு எஸ்டிஎஸ் செலக்ட் ஆன பிறகு போனா போதுமா? கூடவே பேஷன்ட்டுக்கு ஒரு ஹெல்த் எஜுகேஷன் கொடுத்து, அடுத்த மாசம் பிரஷர் குறைஞ்சிருக்கான்னு பார்த்தா ஆய்வுக்கு வெயிட் கூடுமா? டேட்டா என்ட்ரிக்கு எக்செல் போதுமா, எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் சாஃப்ட்வேர்) வாங்கணுமா?

---

எஸ்பிஎம்_வாத்தியார்:

தம்பி, முதல்ல காலண்டரை எடுத்து வைங்க. எஸ்டிஎஸ்-க்கு ஆய்வுக் காலம் 2 மாசம். வாரம் 2 கிளினிக்னா உங்க கைக்கு வர்றது 16, 17 கிளினிக் நாள். ஒருத்தரை உட்கார வச்சு விவரம் சொல்லி, கையெழுத்து வாங்கி, 5 நிமிஷம் ஓய்வு கொடுத்து, 3 தடவை பிரஷர் பார்த்து, கேள்வி கேட்டு முடிக்க 25 நிமிஷம். காலை 8 மணியிலிருந்து 12 வரைக்கும் மூச்சு விடாம செஞ்சாலும் 9, 10 பேர். 12 மணிக்கு மேல ஃபார்மசி வரிசையில நிக்கிறவங்களைப் பிடிச்சா யாரும் நின்னு பதில் சொல்ல மாட்டாங்க. சாப்பாட்டு நேரம், பஸ் நேரம். ஆக மொத்தம் 150லிருந்து 170 பேர். 384-ங்கறது இந்தக் கிளினிக்ல நடக்காத கணக்கு. ஆய்வைத் தூக்கிப் போடச் சொல்லல. 150 பேரை வச்சு எந்தக் கேள்விக்கு உருப்படியா பதில் சொல்ல முடியுமோ அதைக் கேளுங்க.

உங்க தலைப்புல 3 ஆய்வு இருக்கு. எத்தனை பேர் மாத்திரை விடுறாங்கங்கறது ஒண்ணு. எத்தனை பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழ இருக்குங்கறது இன்னொண்ணு. ஏன் விடுறாங்கங்கறது மூணாவது, அதுக்கு வேற மாதிரி ஆய்வே வேணும். முதலாவதை முதன்மை நோக்கமா வைங்க. இரண்டாவதை உப நோக்கமா வைங்க. மூணாவதை 'முக்கியக் காரணம் என்ன' என்ற ஒரே கேள்வியா, 6, 7 பதில் கட்டத்தோட முடிச்சுக்குங்க.

யாரை விட்டுட்டோம்னும் பார்க்கணும். கிளினிக்குக்கு வர்றவங்க மாத்திரை வாங்கத்தான் வர்றாங்க. மாத்திரையை முழுசா நிறுத்தினவர் அங்கே வரவே மாட்டார். அதனால உங்க ஆய்வுல விடாம எடுக்கறவங்க சதவீதம் ஊர்ல உள்ளதைவிட அதிகமாத்தான் தெரியும். தலைப்புலேயே 'கிளினிக்குக்கு வரும் நோயாளிகளில்'னு எழுதிடுங்க. 'மதுரை மாவட்டத்தில்', 'தமிழ்நாட்டில்'னு முடிவுரையில நீட்டாதீங்க. ரிவ்யூவர் முதல்ல கை வைக்கிற இடம் அதுதான்.

வரிசையில் எட்டுக்கு ஒருத்தர்னு எடுங்க. 1லிருந்து 8க்குள்ள ஒரு எண்ணை அன்னைக்குக் காலையில சீட்டு எடுத்து முடிவு பண்ணுங்க. 5 வந்தா டோக்கன் 5, 13, 21, 29... 'யார் பேசத் தயாரா இருக்காங்களோ அவங்க'ன்னு எடுத்தா, வீட்டுல வேலை இல்லாத, பேச்சுத் துணை தேடுற பெரியவங்கதான் கிடைப்பாங்க. மறுத்தவங்களையும் விட்டுடாம, வயசும் ஆணா பெண்ணாங்கறதும் மட்டும் எண்ணிக்கையா குறிச்சு வைங்க.

எட்டாவது ஆள் ஏற்கெனவே போன மாசம் உங்க ஆய்வுல இருந்தவரா இருக்கலாம். ஒரு மாச மாத்திரை வாங்கிட்டுப் போனவர் 2 மாச ஆய்வுல கண்டிப்பா திரும்பி வருவார். என்சிடி எண்ணைத் தனி நோட்டுல எழுதி வச்சு, ஒவ்வொரு தடவையும் சரிபாருங்க. அந்த நோட்டு கைடு அலமாரியில பூட்டி இருக்கணும். டேட்டா ஷீட்டுல அந்த எண் வரவே கூடாது.

---

புள்ளி_கணக்கர்:

384 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எங்கும் ஒட்ட மாட்டீர்கள். ஒரு சதவீதத்தை மதிப்பிடும் ஆய்வுக்கான சூத்திரம்: 1.96-இன் வர்க்கத்தை, எதிர்பார்க்கும் சதவீதத்தாலும், 100-இல் அதைக் கழித்து வருவதாலும் பெருக்கி, துல்லியத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 50 சதவீதம், துல்லியம் 5 என்று போட்டால் 3.8416 × 50 × 50 ÷ 25 = 384.16. அவ்வளவுதான் ரகசியம். கறாராகப் பார்த்தால் அதுவும் 385, ஏனென்றால் சாம்பிள் சைஸில் பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்றுவதுதான் முறை.

உங்களால் முடிவது சுமார் 150 என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 50 சதவீதத்துக்குத் துல்லியம் 8 என்று வைத்தால் 3.8416 × 2500 ÷ 64 = 150.06, ஆக 151. பதில் சொல்ல மறுப்பவர் 10 சதவீதம் என்று எடுத்தால் 151-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 168. பலர் 1.1-ஆல் பெருக்கி 167 என்று எழுதுகிறார்கள். இங்கே வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் மறுப்பு 30 சதவீதம் என்றால் அதே தவறு சுமார் 20 பேரை விழுங்கிவிடும். 17 நாள், நாளுக்கு 10 பேர் என்றால் 170. பொருந்துகிறது.

'8 சதவீதத் துல்லியம் மோசமில்லையா' என்று கேட்பார்கள். உங்கள் முடிவு 60 சதவீதம் என்று வந்தால், உண்மை ஏறத்தாழ 52-க்கும் 68-க்கும் இடையே இருக்கலாம் என்று பொருள். ஒரு மாணவர் ஆய்வுக்கு அது போதும். ப்ரொபோசலில் மறைக்காமல் எழுதுங்கள். 384 என்று எழுதிவிட்டு 140-இல் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

துல்லியத்தைக் குறிக்கும்போது தனித் துல்லியமா, ஒப்புத் துல்லியமா என்று கட்டாயம் சொல்ல வேண்டும். எதிர்பார்ப்பு 40 சதவீதம், துல்லியம் 10 என்று மட்டும் எழுதினால் இரண்டு விடை வரும். தனித் துல்லியம் என்றால் 30 முதல் 50 வரை, 3.8416 × 2400 ÷ 100 = 93 பேர். ஒப்புத் துல்லியம் என்றால் 40-இல் 10 சதவீதம், அதாவது 4, 3.8416 × 2400 ÷ 16 = 577 பேர். ஒரே வாக்கியம், ஆறு மடங்கு வித்தியாசம்.

எதிர்பார்க்கும் சதவீதத்தை உங்களுடையதைப் போன்ற கிளினிக்கில், அதே அளவுகோலால் செய்த ஆய்விலிருந்து எடுங்கள். தனியார் மருத்துவமனை ஆய்வின் எண்ணை அரசு கிளினிக்குக்கு ஒட்டாதீர்கள். ஒன்றுமே கிடைக்காதபோதுதான் 50.

ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடப் போகிறேன் என்று நோக்கத்தில் எழுதினால் இந்தச் சூத்திரம் செல்லாது. 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீதத் திறனோடு (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு 95 பேர் தேவை. வித்தியாசம் 10 சதவீதம்தான் என்றால் நானூறை நெருங்கும். அதனால் ஒப்பீடுகளை 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்ற அளவில் வையுங்கள்.

---

ஐஇசி_மேசை:

எதிக்ஸ் பற்றிக் கேட்டதற்குப் பதில். எஸ்டிஎஸ் செலக்‌ஷன் வரும் வரை காத்திருக்காதீர்கள். கமிட்டி ஒப்புதல் கடிதத்தின் தேதி, முதல் நோயாளியிடம் நீங்கள் பேசும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். டேட்டா எடுத்த பிறகு முன்தேதியிட்டு ஒப்புதல் தர எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது. எஸ்டிஎஸ் ரிப்போர்ட்டோடு அந்தக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். கடிதத்தில் உள்ள தலைப்பும் எஸ்டிஎஸ் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'உயர் ரத்த அழுத்தம்', இன்னொன்றில் 'ரத்த அழுத்தமும் சர்க்கரையும்' என்று இருந்தால் அது வேறு ஆய்வு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வித்தாளும் பிரஷர் பார்ப்பதும் மட்டும் என்றால் ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல்படி இது மிகக் குறைந்த அபாயமுள்ள ஆய்வு. விரைவு மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். 'விலக்கு' கேட்காதீர்கள், நீங்கள் நோயாளியை நேரில் பார்த்துத் தனிப்பட்ட தகவல் வாங்குகிறீர்கள். எந்த வகை என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கமிட்டிதான். பல கல்லூரிகளில் இளநிலை மாணவர் ஆய்வுக்குக் கைடுதான் முதன்மை ஆய்வாளர், மாணவர் இணை ஆய்வாளர். படிவத்தில் அதை மாற்றி நிரப்பித் திருப்பி அனுப்பப்படுவது வழக்கமாக நடப்பது. காலேஜ் ஆஸ்பத்திரியை விட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பொது சுகாதாரத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். 2 மாத ஆய்வில் அந்த வழிக்கே போகாமல் இருப்பது நல்லது.

கமிட்டியில் கட்டாயம் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு மாணவர்கள் பதில் வைத்திருப்பதில்லை: நீங்கள் பார்க்கும்போது ஒருவருக்கு பிரஷர் 190/120 என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? 'ஆய்வு முடிந்ததும் டாக்டரிடம் சொல்வேன்' என்பது பதில் அல்ல. மேலெண் 180 அல்லது கீழெண் 120-ஐத் தொட்டால் கேள்விகளை நிறுத்திவிட்டு உடனே கிளினிக் டாக்டரிடம் அழைத்துப் போவேன், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் இருந்தால் நேராக கேஷுவாலிட்டி என்று ப்ரோட்டோகாலில் ஒரு பத்தி எழுதுங்கள்.

நோயாளி தகவல் தாள் தமிழில், ஒன்றரைப் பக்கத்துக்குள். ஆய்வு எதற்கு, எவ்வளவு நேரம் ஆகும், என்ன செய்வோம், பெயர் வெளியே வராது, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் மாத்திரையும் சிகிச்சையும் வழக்கம்போல் கிடைக்கும். கடைசி வாக்கியம் மிக முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டால் மறுக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கைடின் தொலைபேசி எண்ணோடு கமிட்டி உறுப்பினர் செயலரின் எண்ணும் இருக்க வேண்டும். 'குருதி மிகையழுத்தம்' என்று எழுதி அனுப்பினால் திரும்பி வரும். 'பிரஷர்', 'ரத்தக் கொதிப்பு' என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் பெற வேண்டும். உங்கள் பேட்ச்மேட்டைச் சாட்சியாகப் போடாதீர்கள். நோயாளியோடு வந்தவர் அல்லது கிளினிக்கில் உள்ள வேறு ஒருவர். தகவல் தாளின் ஒரு பிரதி நோயாளி கையில் போக வேண்டும்.

ஹெல்த் எஜுகேஷன் கொடுத்து முன்-பின் பார்க்கும் யோசனை: அதைச் சேர்த்த நொடியில் இது தலையீட்டு ஆய்வாகிவிடும். அப்புறம் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ-யில் (இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே பின்பதிவு கிடையாது. பதிவில் அவர்கள் கேட்கும் விளக்கங்களுக்குப் பதில் சொல்வதிலேயே வாரங்கள் போகும். விட்டுவிடுங்கள்.

---

புள்ளி_கணக்கர்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத முன்-பின் ஆய்வில், பிரஷர் அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்து அடுத்த மாதம் அளந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி குறைந்திருக்கும். அன்றைக்குத் தற்செயலாக ஏறியிருந்தவை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அதை உங்கள் பேச்சின் பலன் என்று எழுதினால் எந்த ரிவ்யூவரும் விட மாட்டார்.

---

பிஜி_மெடிசின்:

மோரிஸ்கி 8-ஐத் தொடாதீங்க. அது லைசென்ஸ் உள்ள அளவுகோல். அனுமதி இல்லாம பயன்படுத்தின கட்டுரைகள் வெளிவந்த பிறகு திரும்பப் பெறப்பட்டிருக்கு. நெட்ல கிடைக்குதுங்கறதுக்காக இலவசம் இல்ல. வேற எந்த அளவுகோலா இருந்தாலும் உருவாக்கினவங்க என்ன நிபந்தனை போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு, தேவைன்னா மெயில்ல எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கி ஃபைல்ல வைங்க.

என்னைக் கேட்டா மாத்திரை எண்ணிக்கையே நல்லது. கணக்கு எளிது. 28 நாள் முன்னாடி 30 மாத்திரை கொடுத்திருக்காங்க, தினம் ஒண்ணு. இப்ப கையில 8 இருக்கு. எடுத்திருக்க வேண்டியது 28, எடுத்தது 22. 22 ÷ 28 = 78.6 சதவீதம். 80-க்குக் கீழன்னா 'விடுறவர்'னு எடுக்கறதுதான் வழக்கம். போன மாச மிச்சம் ஸ்ட்ரிப் வீட்டுல இருந்ததான்னு கேட்காம எண்ணினா கணக்கு தப்பும். 100-க்கு மேல வந்தாலும் விசாரிங்க. புருஷன் மாத்திரையைப் பொண்டாட்டியும் சேர்ந்து சாப்பிடுறது சகஜம்.

பிரஷர் அளக்கறதுலதான் மாணவர் ஆய்வுகள் பாதி கெட்டுப் போகுது. டோக்கன் வரிசையில நின்னு வந்தவரை உட்கார வச்ச உடனே கஃப் (மேல்கையில சுத்துற பட்டை) கட்டினா கூடுதலாத்தான் காட்டும். முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரையில பதிஞ்சு, கால் மேல கால் போடாம, 5 நிமிஷம் பேசாம உட்காரணும். கை இதய மட்டத்துக்கு மேசை மேல. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் டீ, காபி, பீடி கூடாது. ஸ்டூல் மட்டும் உள்ள கிளினிக்கா இருந்தா சாயற நாற்காலி ஒண்ணு, மேசை ஒண்ணு மூலையில போட்டுத் தரச் சொல்லி முன்னாடியே சிஸ்டர்கிட்ட கேட்டு வைங்க. சட்டைக் கையை மேல சுருட்டி இறுக்காதீங்க, கழட்டச் சொல்லுங்க. பெண்களுக்கு ஒரு திரை வேணும்.

கஃப் அளவு: சாதாரண கஃப் பெரும்பாலும் 22லிருந்து 32 செ.மீ. சுற்றளவு உள்ள கைக்கு. எல்லை கஃப்லேயே அச்சடிச்சிருக்கும். டேப் வச்சு மேல்கையை அளங்க. பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினா பிரஷர் இல்லாத ஆளுக்கும் இருக்கறமாதிரி காட்டும். பெரிய கஃப் இல்லாம ஆய்வை ஆரம்பிக்காதீங்க. 1 நிமிஷ இடைவெளியில 3 தடவை பார்த்து, கடைசி 2-இன் சராசரியை எடுங்க. தானியங்கி மெஷின் நல்லது, ஆனா நாடி தாறுமாறா இருக்கறவருக்கு அதை நம்பாதீங்க. அவரை ஸ்டெத் வச்சுப் பார்த்துட்டு, ஃபார்ம்ல குறிச்சுடுங்க.

இன்னொரு சங்கதி, நம்ம ஊர் கிளினிக்குக்கே உரியது. காலையில வெறும் வயித்துல சுகர் பார்க்கணும்னு சொல்லியிருப்பாங்க. பேஷன்ட் பிரஷர் மாத்திரையையும் போடாம வந்திருப்பார். 10 மணிக்கு நீங்க பார்க்கும்போது 156/94. ஃபார்ம்ல 'கட்டுக்குள் இல்லை'. ஆள் வருஷம் முழுக்க ஒரு நாள் விடாம எடுக்கறவரா இருப்பார். அதனால 'இன்னைக்குப் பிரஷர் மாத்திரை போட்டீங்களா, எத்தனை மணிக்கு'ன்னு ஒரு கேள்வி கட்டாயம். அலசும்போது போடாம வந்தவங்களைத் தனியாப் பிரிச்சும் ஒரு தடவை பாருங்க.

---

எஸ்பிஎம்_வாத்தியார்:

பிரஷர் அளக்கறது பத்திச் சொன்னது அத்தனையும் சரி. மாத்திரை எண்ணிக்கையிலதான் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கிளினிக்ல யார் மீதி ஸ்ட்ரிப்பைக் கொண்டுவர்றாங்க? தீர்ந்த பிறகுதான் வர்றாங்க, இல்லாட்டி வீட்டுல வச்சுட்டு வர்றாங்க. 'அடுத்த தடவை கொண்டு வாங்க'ன்னு சொன்னா, எண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சு மீதியைக் குப்பையில போட்டுட்டு வர்றவங்களும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே மாத்திரை வந்துடுது, என்னைக்கு எத்தனை கொடுத்தாங்கன்னு கிளினிக் புத்தகத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. உங்க எண்ணிக்கை 168 பேர்ல 50 பேருக்குத்தான் கிடைக்கும்.

அதுக்குப் பதிலா 7 நாள் நினைவுக் கேள்வி. 'மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா'ன்னு கேட்டா எல்லாரும் 'ஆமா சார்'னுதான் சொல்வாங்க. இப்படிக் கேளுங்க: 'நிறைய பேருக்கு வேலை, விசேஷம், ஊருக்குப் போறதுன்னு மாத்திரை விட்டுப்போகுது. போன 7 நாள்ல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?' விடுறது தப்பில்லைங்கற மாதிரி முதல்லயே வழி விட்டா எண் வெளியே வரும். நேத்து, முந்தாநாள், அதுக்கு முந்தின நாள்னு பின்னாடி போய்க் கேட்டா இன்னும் நல்லது. 7-க்கு 2 நாளோ அதுக்கு மேலயோ விட்டா 80-க்குக் கீழன்னு கணக்கு. வெள்ளைக் கோட்டைக் கழட்டி வச்சுட்டுக் கேளுங்க, டாக்டர் ரூமுக்குள்ள கேட்காதீங்க.

---

பிஜி_மெடிசின்:

ஸ்ட்ரிப் கொண்டுவர மாட்டாங்கங்கறது நியாயம்தான். ஆனா நினைவுக் கேள்வி மட்டும்னா அளவு எப்பவும் மிகையாத்தான் வரும். 7 நாள் கேள்வியை முதன்மையா வச்சு, ஸ்ட்ரிப் கையில இருக்கறவங்களுக்கு மட்டும் எண்ணிக்கையையும் எடுத்து, ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காப்பா மதிப்பு (ஒத்துப்போறதை அளக்கற புள்ளியியல் எண்) போடலாம். ஆய்வுக்கு வெயிட் வேணும்னா ஹெல்த் எஜுகேஷனைவிட இது நல்ல சேர்க்கை.

---

செல்வா_மூன்றாமாண்டு:

எல்லாருக்கும் நன்றி. ஹெல்த் எஜுகேஷனை எடுத்துட்டேன். 168 பேர், 8-க்கு ஒருத்தர், 7 நாள் கேள்வி முதன்மை, ஸ்ட்ரிப் இருந்தா எண்ணிக்கை. இன்னும் மூணு கேட்டுக்கறேன். கேள்வித்தாளை முன்னோட்டம் பார்க்கணுமா? எக்செல் ஷீட் எப்படிப் போடறது? அப்புறம் ப்ரொபோசல் ஆன்லைன்ல ஏத்தும்போது எதுல ரிஜெக்ட் ஆகும்?

---

எஸ்பிஎம்_வாத்தியார்:

முன்னோட்டம் கட்டாயம். 10லிருந்து 15 பேர், அதே கிளினிக்ல, எதிக்ஸ் ஒப்புதல் வந்த பிறகு. அவங்க டேட்டாவை மெயின் ஆய்வுல சேர்க்காதீங்க. நேரம் எவ்வளவு ஆகுதுன்னு கடிகாரம் பாருங்க. எந்தக் கேள்விக்கு ரெண்டாம் தடவை விளக்க வேண்டி வருதோ அதை மாத்துங்க. வருமானக் கேள்வியிலதான் பேச்சு நின்னு போகும், அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. கேள்வி மாறினா திருத்தின பிரதியைக் கமிட்டிக்குத் திரும்ப அனுப்பணும்.

ஏத்தும்போது: ப்ரொபோசல் உள்ளே உங்க பேரோ, கைடு பேரோ, காலேஜ் பேரோ எங்கேயும் வரக்கூடாது. 'நமது என்சிடி கிளினிக்', 'மூன்றாம் நிலை மருத்துவமனை'ன்னு எழுதுங்க. பேர் தெரியாம மதிப்பிடுறாங்க, பேர் இருந்தா தள்ளுபடி. பக்கத் தலைப்புல, ஃபைல் பேர்ல ஒளிஞ்சிருக்கும், அதையும் பாருங்க. வார்த்தை வரம்பை அந்த வருஷ அறிவிப்புல பார்த்து அதுக்குள்ள நில்லுங்க. முன்னுரையை அரைப் பக்கமா சுருக்கி, மிச்ச இடத்தை முழுக்க முறையியலுக்குக் கொடுங்க. 'இந்தியா உயர் ரத்த அழுத்தத்தின் தலைநகரம்' மாதிரி வாக்கியத்துக்கு யாரும் மார்க் போடறதில்லை. எந்த மெஷின், எந்த கஃப், எத்தனை தடவை, யார் அளப்பாங்க, எட்டாவது ஆள் மறுத்தா என்ன, இதுக்குத்தான் மார்க். உதவித்தொகை ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகுதான் வரும், ஆய்வுச் செலவுக்குத் தனியா பணம் கிடையாது. ஜெராக்ஸ், பெரிய கஃப், பேட்டரி எல்லாம் முதல்ல உங்க கைக்காசுதான்.

---

புள்ளி_கணக்கர்:

ஷீட்: ஒரு வரிசைக்கு ஒரு நோயாளி, ஒரு நிரலுக்கு ஒரு தகவல். '138/86' என்று ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். மேலெண் 3 நிரல், கீழெண் 3 நிரல். செல்களை இணைக்காதீர்கள், வண்ணம் அடித்துப் பொருள் குறிக்காதீர்கள். ஆம் 1, இல்லை 0. 'ஆம்', 'ஆமாம்', பின்னால் ஓர் இடைவெளியோடு 'ஆம் ' என்று மூன்று விதமாக இருந்தால் மென்பொருள் அதை மூன்று பதிலாக எண்ணும். டேட்டா வேலிடேஷனில் எல்லை வையுங்கள்: மேலெண் 70 முதல் 260 வரை, வயது 18 முதல் 100 வரை. விடுபட்டதற்கு 99 போடும் பழக்கம் வேண்டாம். வயது நிரலில் அது 99 வயதுக் கிழவராகச் சராசரியில் சேர்ந்துகொள்ளும். காலியாக விடுங்கள். என்ன எண்ணுக்கு என்ன பொருள் என்று இரண்டாவது தாளில் குறியீட்டுப் பட்டியல்.

அன்றைய ஃபார்மை அன்று மாலையே ஏற்றுங்கள். 10-இல் ஒரு ஃபார்மை வேறொருவர் மறுபடி ஏற்றி ஒப்பிடட்டும். முதல் 50 பேர் முடிந்ததும் மேலெண்ணின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். தானியங்கி மெஷினில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரும். பாதிக்கு மேல் 0-வில் முடிந்தால் யாரோ மெஷினைப் பார்க்காமல் 'சுமாராக' எழுதுகிறார்கள். இதை 50-இல் கண்டுபிடித்தால் திருத்தலாம், 168-இல் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்பிஎஸ்எஸ் வாங்க வேண்டாம். திருட்டுப் பிரதியும் வேண்டாம். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், உங்கள் ஆய்வுக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. முதன்மை விடை ஒரு சதவீதமும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியும். கை-வர்க்கச் சோதனையில் (chi-square, இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள். பி மதிப்பு 0.000 என்று திரையில் வந்தால் 0.001-க்குக் குறைவு என்று எழுதுங்கள். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (பல காரணிகளை ஒன்றாக வைத்து அலசும் முறை) செய்ய ஆசை வரும். விடுபவர்கள் 60 பேர் என்றால் அதிகபட்சம் 6 காரணிகள். 15 காரணிகளை உள்ளே தள்ளி, எது மின்னுகிறதோ அதை முடிவாக எழுதுவது ஆய்வே அல்ல. மாத்திரை விடுவது போன்ற பரவலான ஒன்றுக்கு ஆட்ஸ் விகிதம் (விடுபவர்களை விடாதவர்களால் வகுத்து, அதை இரு குழுக்களில் ஒப்பிடுவது) உறவை ஊதிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 60 சதவீதத்துக்கு எதிராக 40 என்றால் பரவல் விகிதம் 1.5, ஆட்ஸ் விகிதம் 2.25. 'இரண்டே கால் மடங்கு அதிகம்' என்று எழுதிவிடாதீர்கள்.

எழுதும்போது ஸ்ட்ரோப் (இப்படிப்பட்ட ஆய்வுகளை எழுத உதவும் சரிபார்ப்பு) பட்டியலின் 22 அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

---

ஐஇசி_மேசை:

தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாள் மூன்றிலும் பதிப்பு எண்ணும் தேதியும் பக்க எண்ணும் அடிக்குறிப்பாகப் போடுங்கள். முன்னோட்டத்துக்குப் பிறகு கேள்வி மாறினால் பதிப்பு 2 ஆகும், ஒப்புதலும் பதிப்பு 2-க்கு வேண்டும். பழைய ஜெராக்ஸ் கட்டு மீதமிருக்கிறதே என்று பதிப்பு 1-இல் கையெழுத்து வாங்கினால் அந்த நோயாளிகளின் டேட்டாவைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். கையெழுத்தான படிவங்களும் கேள்வித்தாள்களும் ஒரே ஃபைலில் இருக்கக் கூடாது. ஒன்றில் பெயர், மற்றதில் ஆய்வு எண் மட்டும். இரண்டும் கைடின் பொறுப்பில், ஆய்வு முடிந்து குறைந்தது 3 வருடம்.